ஜூடி கார்லண்டும் குப்பைக்குப் போன தாள்களும்



1970ஆம் ஆண்டு மே மாதம். கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன் பழைய சாமான்களை ஏலத்தில் விட்டது. உடைகள், நாற்காலிகள், விளக்குகள், வண்டிகள் என்று அரை நூற்றாண்டுச் சினிமாவின் தட்டுமுட்டுகள் எல்லாம் போயின. 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் நடிகையும் பாடகியுமான ஜூடி கார்லண்டின் பாத்திரத்துக்காகச் செய்த, சிவப்புச் சமிக்கி தைத்த ஒரு ஜோடிக் காலணி 15,000 டாலருக்கு விலை போயிற்று. அன்றைக்கு அது பெரிய செய்தி.

செய்தியாகாத இன்னொரு காரியமும் அந்தக் காலகட்டத்தில் நடந்தது. ஸ்டூடியோ கை மாறியிருந்தது. புதிய நிர்வாகத்துக்கு இடம் வேண்டும், பணம் வேண்டும். இசை நூலகத்தில் அடுக்கியிருந்த ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர்கள், ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியாகக் கையால் எழுதிக் கொடுத்த தாள்கள், எல்லாம் யாருக்கும் வேண்டாத காகிதமாகத் தெரிந்தன. அவற்றைக் குப்பைமேட்டில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினார்கள். அதோடு கார்லண்ட் பாடிய பாட்டுகளின் வாத்திய எழுத்தும் மண்ணுக்குள் போயிற்று. காலணிக்கு விலை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அவர் பாடும்போது அடியில் ஓடிய இசைக்கு விலை வைக்கத் தெரியவில்லை.

இன்று மாலை நான் பேசப்போவது இதைப் பற்றித்தான். மறைந்த ஒரு பாடகியை ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையில் கௌரவிக்கிறார்கள் என்றால் உண்மையில் எதைக் கௌரவிக்கிறார்கள்? அவர் முகத்தையா, துயரத்தையா, குரலின் சாயலையா? அவருக்காக எழுதப்பட்ட இசையை, அதை எழுதியவர்களின் உழைப்போடு சேர்த்து, மறுபடியும் உயிரோடு வாசிப்பதுதான் மெய்யான மரியாதை என்பது என் நம்பிக்கை. மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

இப்படிக் கௌரவிக்கும் நிகழ்ச்சிகளுக்கு மேடையாகும் பாப்ஸ் கச்சேரி என்ற வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிய ஹென்றி லீ ஹிக்கின்சன், 1885இல் அதே வாத்தியக்காரர்களைக் கொண்டு கோடைகாலத்தில் இலகுவான இசை நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினார். வால்ட்ஸ், அணிவகுப்பு இசை, நாடகப் பாட்டுகள். கேட்பவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து குடித்துக்கொண்டே கேட்கலாம். 1930இல் ஆர்தர் ஃபீட்லர் அதன் நடத்துநரானார். 1979இல் இறக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு, அவரே நடத்தினார். அவருக்குப் பின் வந்தவர் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸ். இந்த வழியில் அமெரிக்காவின் பல சிம்ஃபனிக் குழுக்களுக்குள்ளும் ஒரு பாப்ஸ் கிளை முளைத்தது. பழைய ஹாலிவுட் பாட்டுகள் அங்கே நிரந்தர விருந்தாளி.

கார்லண்டுக்கு இது புறத்தே இருந்து வந்த மேடை அன்று. 1943 ஜூலை முதல் தேதி, ஃபிலடெல்ஃபியாவின் ராபின் ஹூட் டெல் என்ற திறந்தவெளி அரங்கில், ஆந்த்ரே கோஸ்டெலானெட்ஸ் நடத்த, ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவோடு அவர் பாடினார். அப்போது அவருக்கு வயது 21. இருக்கைகளை மீறிக் கூட்டம் வந்தது. சினிமாவில் மட்டுமே பார்த்த பெண்ணை, அமெரிக்காவின் தலைசிறந்த சிம்ஃபனிக் குழு ஒன்றின் நடுவே நிறுத்திக் கேட்டார்கள். ஆக, அவர் பெயரில் இன்று நடக்கும் ஆர்க்கெஸ்ட்ரா நிகழ்ச்சிகள் அவர் காலடி பட்ட பாதையில்தான் நடக்கின்றன.

அவர் வாழ்க்கை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1922 ஜூன் 10, மின்னசோட்டா மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற சிற்றூரில் பிறப்பு. பெற்றோர் வைத்த பெயர் ஃபிரான்சஸ் எத்தல் கம். 13 வயதில் எம்.ஜி.எம்மோடு ஒப்பந்தம். 1950இல் அந்த ஸ்டூடியோவை விட்டு வெளியேற்றம். 1969 ஜூன் 22, லண்டனில் தூக்க மாத்திரை அளவு மீறி மரணம். வயது 47. இடைப்பட்ட துன்பங்களை விவரித்தே பல நிகழ்ச்சிகள் மணிக்கணக்கில் ஓடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் துன்பங்கள் உண்மைதான். ஆனால் மேடையில் ஏறிய நிமிடத்தில் அவர் ஒரு தொழில்காரர்; மிகத் தேர்ந்த தொழில்காரர். எந்தச் சொல்லில் மூச்சு எடுப்பது, எந்த எழுத்தைத் தாளத்துக்குப் பின்னால் தள்ளிப்போடுவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அழுதுகொண்டே பாடினார் என்று சொல்லிக் கண்ணீர் விடுகிறவர்கள், அந்தக் கைத்திறனைக் காணாமல் போய்விடுகிறார்கள்.

அதற்குச் சாட்சி 1961 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு, நியூயார்க்கின் கார்னெகி ஹால். ஒன்றரை ஆண்டுக்கு முன்னால்தான் கல்லீரல் வீங்கி மருத்துவமனையில் கிடந்தார். இனி மேடை ஏறவே முடியாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிறு இரவு அவர் இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகள் பாடினார். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் மார்ட் லிண்ட்ஸி. காபிட்டல் நிறுவனம் அதை முழுதாகப் பதிவு செய்து இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. 13 வாரம் அது பில்போர்டு பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இந்தப் பதிவை எப்போது கேட்டாலும் எனக்கு ஓர் இடம் கிடைத்துவிடும், அங்கே நின்றுவிடுவேன். 'யூ கோ டு மை ஹெட்' என்ற பாட்டில் நடுவழியில் அவருக்கு வரிகள் மறந்துபோகின்றன. நிறுத்தவில்லை. வாய்க்கு வந்த சொற்களை மெட்டில் பொருத்திக்கொண்டே போகிறார்; அந்தச் சொற்களிலேயே மறந்துபோனதையும் சபையிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறார். சபை சிரித்துவிடுகிறது. நான் கவனிக்கச் சொல்வது ஆர்க்கெஸ்ட்ராவை. அது தடுமாறவில்லை. லிண்ட்ஸியின் கண் அவர் உதட்டிலும் தோளிலும் இருந்திருக்க வேண்டும். அவர் எங்கே மீண்டு வருவார் என்று முன்கூட்டியே தெரிந்தவர்போல வாத்தியங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பாடுகிறவர் ஒருவர்; அவருடைய மூச்சுக்குக் காத்திருக்கிறவர்கள் முப்பது, நாற்பது பேர். கார்லண்டின் கலை என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் காத்திருப்புக்குள்ளே இருக்கிறது.

இன்று ஒரு சிம்ஃபனிக் குழு கார்லண்ட் நினைவு நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைவலி தாள். பாப்ஸ் நிகழ்ச்சிக்கு ஒத்திகை பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வாத்தியக்காரர்கள் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தாக வேண்டும். இரண்டாம் ட்ரம்பெட்டின் தாளில் ஒரு ஸ்வரம் தப்பாக எழுதியிருந்தால், அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். இப்படிப் பத்து இடம் இருந்தால் ஒத்திகையே காலி. அதனால் கச்சேரி அன்று இரவு எப்படி இருக்கும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து தாள்களைப் பிழை பார்க்கிற ஒருவர் தீர்மானித்துவிடுகிறார்.

இரண்டாவது, ஸ்ருதி. கார்லண்டின் குரல் கீழ் ஸ்தாயியில் கனம் கொண்டது. அவருக்கென எழுதப்பட்ட வாத்திய ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கனத்தை ஏந்திப்பிடிக்கும்படி அமைந்தவை. நினைவு நிகழ்ச்சிக்கு அழைக்கப்படும் பாடகியின் குரல் மெல்லியதாக, உயர்ந்ததாக இருந்தால், பாட்டை இரண்டு மூன்று ஸ்வரம் ஏற்றச் சொல்வார்கள். இன்று கணினி ஒரு நொடியில் ஏற்றிக் கொடுத்துவிடும். ஆனால் ட்ராம்போன்கள் நெஞ்சுக்குள்ளிருந்து முழங்கும்படி எழுதிய கூட்டொலி, ஏற்றியதும் தொண்டையை நெரித்ததுபோல் ஆகிவிடும். வயலின்களில் திறந்த தந்தியில் கிடைத்த பளிச்சென்ற ஒலி போய்விடும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், காதில் எதுவோ குறையும். ஸ்ருதி என்பது கார்லண்டுக்கு எவ்வளவு உயிரான விஷயம் என்பதற்கு ஒரு பழைய சண்டை சான்று. 1954இல் வெளியான 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தில் 'தி மேன் தட் காட் அவே' பாட்டை அடக்கமாக, தாழ்ந்த ஸ்ருதியில் பாடச் சொன்னார் ஹியூ மார்ட்டின். கார்லண்ட் திறந்த குரலில், உயர்த்திப் பாடத்தான் விரும்பினார். மார்ட்டின் சாதாரணமானவர் அல்லர். கார்லண்ட் பாடிய 'தி ட்ராலி சாங்' பாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஆனாலும் அந்தப் பிணக்கில் அவர் படத்தை விட்டே விலகிப்போனார்.

மூன்றாவது, தாளம். இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். பெரிய மேடையில் ஒரு கோடியில் டிரம்ஸ்காரரும் மறுகோடியில் வயலின்களும் 17 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம் வந்துவிடும். பிராம்ஸின் இசையை வாசிக்கும்போது அது பெரிதாக உறுத்தாது. ஸ்விங் தாளத்தில் பாட்டு தள்ளாடிவிடும். அதனால் அனுபவமுள்ள நடத்துநர்கள் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றையும் தங்கள் பக்கத்திலேயே ஒட்டி உட்காரவைக்கிறார்கள். சிம்ஃபனிக் குழுவில் சாக்ஸஃபோன் வரிசை கிடையாது என்பதால் அந்தக் கலைஞர்களை வெளியிலிருந்து அமர்த்த வேண்டும். அவர்கள் ஒரே பாட்டுக்குள் சாக்ஸஃபோனை வைத்துவிட்டு கிளாரினெட், அதை வைத்துவிட்டு ஃப்ளூட் என்று மாறிமாறி வாசிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஹாலிவுட்டில் அப்படி வாசிக்கிறவர்களை நினைத்துத்தான் அந்தத் தாள்கள் எழுதப்பட்டன.

சரி, தாளே இல்லை என்றால்?

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரைச் சேர்ந்த ஜான் வில்சன் என்ற நடத்துநருக்கு எம்.ஜி.எம். படங்களின் இசைமேல் தீராத காதல். கேட்டுப்பார்த்தபோது ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர்கள் இல்லை என்று தெரிந்தது. சில பாட்டுகளுக்கு மட்டும் சுருக்க ஸ்கோர் மிஞ்சியிருந்தது. மெட்டும் முக்கியமான இழைகளும் இரண்டு மூன்று வரிகளில் இருக்கும், எந்த வாத்தியம் எதை வாசித்தது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. கோலத்தில் புள்ளிகள் மட்டும் மிஞ்சி, இழைகள் அழிந்துபோன மாதிரி. அந்த இழைகளை வில்சன் காதால் மீட்டார். படத்தின் ஒலித்தடத்தைப் போட்டு, சில விநாடிகள் கேட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி கேட்டு, ஒரு பாட்டுக்கு நாட்கணக்கில், ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்.

இது எவ்வளவு கடினம் என்று எண்ணிப்பாருங்கள். அந்தக் காலத்துப் படத்தின் ஒலித்தடம் ஒற்றைத் தடம். இடது வலது கிடையாது. குரல் முன்னால், வாத்தியங்கள் பின்னால், அதற்கும் மேலே வசனம், காலடிச் சத்தம். ஹார்ப் தந்திகளை ஒரே வீச்சில் வருடும்போது அதன் அடியில் இரண்டாம் கிளாரினெட் என்ன வாசித்தது என்று கேட்கவே கேட்காது. அப்போது எழுதியவரின் கைப்பழக்கம் தெரிந்திருந்தால்தான் ஊகிக்க முடியும். கான்ராட் ஸாலிஞ்சர் ஆர்க்கெஸ்ட்ரேஷன் செய்த, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதிய, மற்றப் பாட்டுகளில் இப்படிப்பட்ட இடத்தில் கிளாரினெட்டுக்கு என்ன கொடுத்தார் என்று தெரிந்தவரால்தான் இந்த இடத்தையும் நிரப்ப முடியும்.

2009 ஆகஸ்ட் முதல் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் வில்சனின் குழு எம்.ஜி.எம். இசையை வாசித்தது. நாற்பது ஆண்டு மண்ணுக்குள் இருந்தது எழுந்து வந்தது. 1944இல் 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்துக்காக ஸாலிஞ்சர் எழுதிய 'தி ட்ராலி சாங்' ஏற்பாட்டைப் படத்தில் கேட்டவர்களுக்கு அது கார்லண்டின் பாட்டு. குரலுக்கு அடியில் இறங்கிக் கேட்டால் அது ஒரு டிராம் வண்டியின் பாட்டு. கிளம்பும் குலுக்கல், மணி, சக்கரம் வேகம் பிடிப்பது, பெண்ணின் நெஞ்சு படபடப்பது, எல்லாமே வாத்தியங்களுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. கார்லண்ட் அந்த ஓடும் வண்டியில் ஏறிக்கொண்டு பாடுகிறார். வண்டியே இல்லாமல் பாடகியை மட்டும் நிறுத்தி அந்தப் பாட்டைப் பாடவைத்தால் அது என்ன மரியாதை?

பாடகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 ஜூன் 14, 15 தேதிகளில் ரூஃபஸ் வெய்ன்ரைட் என்ற பாடகர் கார்னெகி ஹாலில் கார்லண்டின் 1961 கச்சேரியைப் பாட்டுக்குப் பாட்டு அப்படியே எடுத்துப் பாடினார். 36 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா. ஒரு பாட்டுக்குக் கார்லண்டின் மகள் லோர்னா லஃப்ட் வந்து சேர்ந்துகொண்டார். அது வெற்றி பெற்றதற்கு முதல் காரணம் வெய்ன்ரைட் ஆண் என்பது என்று நான் நினைக்கிறேன். கார்லண்டின் குரலைப் போலச் செய்ய அவரால் முடியாது, செய்யவும் இல்லை. தன் குரலில், தன் மூச்சில் பாடினார். ஆர்க்கெஸ்ட்ராவும் அவருடைய மூச்சுக்குக் காத்திருந்தது. 1961இல் அந்த மண்டபத்தில் இருந்த உறவு அப்படியே திரும்பக் கிடைத்தது, ஆள் மட்டும் வேறு. கறுப்பு உடையும் குட்டை முடியும் நடுங்கும் கையுமாகக் கார்லண்டாகவே வேஷம் கட்டி வருகிறவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், நாம் அங்கே ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். பாட்டைக் கேட்பதில்லை.

இப்போது இன்னொரு வழக்கம் பரவியிருக்கிறது. திரையில் படம் ஓடும். கார்லண்டின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய ஆர்க்கெஸ்ட்ராவை நீக்கிவிட்டு, மேடையில் இருப்பவர்கள் நேரடியாக வாசிப்பார்கள். நடத்துநருக்கு முன்னால் ஒரு சிறு திரை. எந்த இடத்தில் எந்தத் தாளம் விழ வேண்டும் என்று அதில் கோடுகளும் மின்னல்களும் காட்டிக்கொண்டே இருக்கும். 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' இப்படிப் பல ஊர்களில் நடக்கிறது. குழந்தைகள் முதல்முறையாக ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை நேரில் பார்க்கிறார்கள். அந்த ஒன்றுக்காகவே நான் அதை வரவேற்கிறேன். இருந்தும் ஒரு குறையை மறைக்க மாட்டேன். அந்தக் குரலுக்குக் காது இல்லை. எதிரே வாசிக்கிறவர்கள் எவ்வளவு அழகாக வாசித்தாலும், அது இன்றைக்கு ஒரு நொடி கூடுதலாக நிற்காது. காத்திருக்க வேண்டியவர்கள் துரத்துகிறவர்களாகிவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற நடத்துநர் துல்லியமாகத் துரத்துவார். சபைக்குத் தெரியவும் தெரியாது. வாத்தியக்காரர்களுக்குத் தெரியும்.

அதனால் இப்படி ஒரு நிகழ்ச்சியை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, தன் குரலில் பாடத் துணிவுள்ள ஒருவரைப் பாடவிடுங்கள். இரண்டாவது, நிகழ்ச்சி நிரலை அச்சடிக்கும்போது பாட்டின் பெயருக்கு அடியில் மெட்டமைத்தவர், பாட்டெழுதியவர் பெயரோடு ஆர்க்கெஸ்ட்ரேஷன் செய்தவர் பெயரையும் போடுங்கள். 'கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்' பாட்டுக்குப் போங்கோ தாளம் கொதிக்கும் அந்த ஏற்பாட்டை 1956இல் எழுதியவர் நெல்சன் ரிடில். 'தி மேன் தட் காட் அவே' ஏற்பாடு ஸ்கிப் மார்ட்டினுடையது. கார்லண்டைச் சிறுமியாக இருந்தபோதே கண்டுகொண்டு, அவர் எந்தப் பாட்டை எப்படிப் பாட வேண்டும் என்று வழிநடத்தியவர் ரோஜர் ஈடன்ஸ். மண்ணில் புதைந்த தாள்களைக் காதால் மீட்டவர்களின் பெயரும் அங்கே வர வேண்டும். ஒரு வரி மை செலவாகும், அவ்வளவுதான்.

பேச்சு போதும். இப்போது இரண்டு பதிவுகள் போடப்போகிறோம். இரண்டிலும் 'ஓவர் தி ரெயின்போ'. மெட்டு ஹரால்ட் ஆர்லன், பாட்டு யிப் ஹார்பர்க். 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு, கதையைத் தாமதப்படுத்துகிறது என்று வெட்டியெறியப்பட்டு, போராடித் திரும்பச் சேர்க்கப்பட்ட பாட்டு இது. முதல் பதிவு 1938 அக்டோபர் 7இல் எடுத்தது. கார்லண்டுக்கு 16 வயது. இரண்டாவது 1961இன் கார்னெகி ஹால், 38 வயது. பாட்டின் முதல் இரண்டு ஸ்வரங்களைக் கவனியுங்கள். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஒரே தாவல். 16 வயதில் அந்தத் தூரத்தை அவர் எளிதாகத் தாண்டுகிறார். 38இல் அதற்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் வயலின்கள் எவ்வளவு நேரம் அவருக்காக நிற்கின்றன என்றும் கேளுங்கள். முதல் பதிவின் ஆர்க்கெஸ்ட்ரேஷன் மர்ரி கட்டர் செய்தது. பெயரைச் சொல்லிவிட்டேன், போடலாம்.